பழங்கோலிகளும் அவை தரும் சான்றுகளும்

பழம்பொருள் தொகுப்போர் பல திறத்தினர். நாணயம் தொகுப்போர்க்கு அதன்மேற் பொறித்த அரசன் பெயரும் ஆண்டும் துணைசெய்யும். அஞ்சல்தலை தொகுப்போர்க்கு முத்திரையில் விழுந்த நாளும் ஊரும் துணைசெய்யும். பழங்கோலிகளைத் தொகுப்போர்க்கு இத்தகைய துணை ஒன்றும் இல்லை. விரல்நுனியளவான உருண்டையில் எழுதுவதற்கு இடம் ஏது? எழுதினாலும் மண்ணில் உருண்டு ஆட்டத்தில் அடிபட்டு அவ்வெழுத்துத் தேய்ந்து போகும். மேலும், சிறுவர் சில்லறைக் காசு கொடுத்து வாங்கும் பொருளில் தம் பெயரைப் பொறிக்க வேண்டுமென்று செய்தவர் எவரும் கருதினாரல்லர். ஆயினும் இத்துறையில் தேர்ந்தவர் ஒரு கோலியைக் கையிலெடுத்துச் சிறிது திருப்பிப் பார்த்த அளவிலே, 'இது முதல் உலகப்போருக்கு முன்னர் ஜெர்மனியில் கையாற் செய்யப்பட்டது. இஃது அமெரிக்காவில் எந்திரத்தால் வார்க்கப்பட்டது' என்று துணிந்து கூறுகின்றனர். அத்துணிபு எச்சான்றின்மேல் நிற்கின்றது, எவ்விடத்தில் தளர்கின்றது, தொகுப்போரின் வழக்கங்களுள் எது அச்சான்றைக் காக்கின்றது, எது அழிக்கின்றது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆசிரியர் பெயரும் காலமும் அறியப்படாத நூல்களோடு நாளும் பழகும் நம்மனோர்க்கு இவ்வாராய்ச்சி முற்றிலும் அயலானதன்று.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு கருத்து. 'கோலி' என்பது உருண்டை, மாத்திரை, துப்பாக்கிக்குண்டு ஆகியவற்றைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். அது நம் நாட்டிற் புகுந்து ஆட்டக்குண்டிற்கே பெயராய் நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் இதனைப் 'போளை' என்பர். அது பந்தினைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லோடு இயைபுடையது. ஆங்கிலேயர் வழங்கும் 'மார்பிள்' என்னும் பெயரும், ஜெர்மானியர் வழங்கும் 'முர்மெல்' என்னும் பெயரும் சலவைக்கல்லின் பெயரிலிருந்து பிறந்தவை. கல் போய் மண்ணும் கண்ணாடியும் வந்த பின்னரும் கல்லின் பெயர் போகவில்லை. நம் பழைய இலக்கியங்களிற் பயிலும் கழங்கு என்பதோ கழற்சிக்காய் கொண்டு மேலெறிந்து பிடிக்கும் மகளிர் ஆட்டம். நிலத்தில் உருட்டிக் குறிபார்த்து அடிக்கும் ஆட்டத்தோடு அதனை மயக்குதல் தகாது. ஆதலின் அஃது இக்கட்டுரைக்குப் புறம்பானது.

பெயர் தந்த கல்லிலிருந்தே தொடங்குவோம். ஆல்ப்ஸ் மலைச்சாரலில், பெர்க்டெஸ்காடன் பகுதியைச் சார்ந்த அல்ம்பாக் என்னும் ஓடையின் வாயிலில் 1683-ஆம் ஆண்டு முதல் ஒரு குண்டு ஆலை உள்ளது. வரிப்பள்ளம் வெட்டிய கல்லொன்று கீழே அசையாது கிடக்கும். அதன்மேல் மரத்தாலான வட்டு ஓடைநீரின் விசையாற் சுழலும். இரண்டிற்கும் இடையே இட்ட கரட்டுக் கற்றுண்டுகள் பலநாள் உருண்டு உருண்டு குண்டுகளாகும். நேரே நீர்விசையைக் கொண்டு இயங்கியமையால் மனிதனின் கைக்கு அங்கு வேலை குறைவு. ஆகவே கையின் அடையாளமும் அக்குண்டுகளில் இல்லை. இடார்-ஓபர்ஸ்டைன் என்னும் ஊரின் அகேட்டுக் கற்கோலிகளின் வரலாறு வேறு. அவ்வூர்த் தொழிலாளர், நீர்விசையாற் சுழலும் பெரிய மணற்கற் சக்கரங்களின் முன்னே, சாய்ந்த மரத்தாங்கியிற் குப்புறப் படுத்துக்கொண்டு, கல்லைச் சக்கரத்தில் அழுத்தித் தீட்டினர். சிறுசிறு தட்டையான முகங்களாகத் தீட்டித் தீட்டி உருண்டை செய்தமையால், பழைய அகேட்டுக் கோலியை ஒளிக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் அம்முகங்களின் எல்லைக்கோடுகள் மங்கலாகத் தோன்றும். பிற்காலத்து எந்திரத்திற் கடைந்த கோலியில் அவை தோன்றா. உள்ளூர்க் கல் அருகியபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து பிரேசில் நாட்டு அகேட்டு அவ்வூருக்குக் கொணரப்பட்டது. சிறுவர் ஆட்டத்திற்கு வேண்டிய பொருளுக்காகத் தென்னமெரிக்கக் கல் கடல் கடந்தது என்று சிலர் வியப்பர்; உண்மையில் அக்கல் அணிகலனுக்கும் கைப்பிடிக்கும் முத்திரைக்கும் வந்தது; கோலியும் அதனோடு உடன்பிறந்தது, அவ்வளவே.

மண்கோலிகளைப் பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. அவை எங்கும் எக்காலத்தும் செய்யப்பட்டன. சுட்ட களிமண் உருண்டை தன் ஊரையும் காலத்தையும் தானே எடுத்துக் கூறுதல் அரிது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆக்கிரன் நகரில் சாமுவேல் டைக் என்பவர் 1884-ஆம் ஆண்டில் மண்கோலிகளைப் பேரளவிற் செய்யத் தொடங்கினார் என்பதும், சிறுவர் தாமே வாங்குமளவு அவை மலிந்தன என்பதும் மட்டும் ஈண்டுக் குறிக்கத்தக்கன.

தொகுப்போரின் உள்ளத்தை மிகுதியும் ஈர்ப்பவை கண்ணாடிக் கோலிகளே. அவற்றின் தாயகம் ஜெர்மனியின் துரிங்கியா மலைநாட்டில் உள்ள லௌஷா என்னும் சிற்றூர். அங்கு 1597-ஆம் ஆண்டில் கண்ணாடி உலை நிறுவப்பெற்றது. அவ்வூரார் கண்ணாடியிற் பல நுண்பொருள்கள் செய்தனர். மனிதர்க்குப் பொருத்தும் செயற்கைக் கண்களும், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் உருண்டைகளும் அவ்வூரின் புகழ்பெற்ற ஆக்கங்கள். 1840-களின் பிற்பகுதியில் அவ்வூர்க் கண்ணாடியாளர் குடியைச் சேர்ந்த கிரைனர் என்பவர் ஒரு கத்தரியை அமைத்தார். அதன் ஒரு கை சிறு கிண்ணம் போற் குழிந்திருக்கும்; மறு கை வெட்டும் அலகாக இருக்கும். பார்ப்பதற்கு எளிய கருவி. ஆயினும் கண்ணாடிக் கோலியின் வரலாறு முழுவதும் அக்கத்தரியிலிருந்தே தொடங்குகின்றது எனலாம்.

செய்முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் சான்று முழுவதும் செய்முறையிலேயே அடங்கியுள்ளது. முதலில் இரும்புக் கோலின் நுனியில் உருகிய கண்ணாடித் திரளை எடுத்து, அதன்மேல் பலவண்ணக் கண்ணாடி இழைகளை நெடுக ஒட்டுவர். அதன்மேல் நிறமற்ற கண்ணாடியைப் போர்த்துவர். வேண்டுமாயின் அப்போர்வையின்மேல் மீண்டும் இழைகளை ஒட்டி, இன்னும் மெல்லியதொரு போர்வையை மூடுவர். இவ்வாறு அடுக்கிய திரளை நீட்டித் தடித்த கண்ணாடித் தண்டாக்குவர். பின்பு தண்டின் நுனியை உலையிற் காய்ச்சி இளக்கி, கத்தரியின் கிண்ணத்திற் பொருத்தித் தண்டைச் சுழற்றுவர். சுழற்றுந்தோறும் நுனி உருண்டையாகும். உள்ளே நேராகக் கிடந்த இழைகள் திருகிக்கொள்ளும். உருண்டை அமைந்தவுடன் அலகை அழுத்தி அறுப்பர். அறுத்த குண்டு மெல்ல ஆறுவதற்கென்று வைக்கப்படும். விரைந்து ஆறினால் வெடித்துவிடும். தண்டின் நுனி மீண்டும் உலைக்குச் செல்லும். ஒரு தண்டிலிருந்து பல கோலிகள் பிறக்கும். அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒத்திருக்கும். ஆயினும் ஒன்று போல் மற்றொன்று இராது.

இம்முறையில் ஒவ்வொரு கோலிக்கும் இரண்டு துருவங்களிலும் ஒவ்வொரு வடு உண்டாகின்றது. முன்னைய கோலியை அறுத்த இடம் ஒரு வடு. தண்டிலிருந்து தன்னை அறுத்த இடம் மற்றொரு வடு. விரலாற் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும் இவ்வடுக்களே கைவினைக் கோலியின் முதற்சான்று. எந்திரக் கோலியில் இவை இல்லை. தண்டின் கடைசி நுனியிற் செய்த கோலியில் இழைகள் நடுவிலேயே அறுபட்டு நிற்கும். அத்தகையன அரியன, ஆதலின் தொகுப்போர் விரும்பித் தேடுவர். உள்ளிழைகள் வலைபோற் பின்னியிருத்தல், ஒரே திரளாயிருத்தல், தனித்தனியாகப் பிரிந்து நிற்றல், பட்டையான நாடா போலிருத்தல் என்னும் வேறுபாடுகளைக் கொண்டு இவற்றை வகுத்துள்ளனர். திருகின் திசையும் கருதத்தக்கது. பெரும்பாலானவை ஒரே பக்கமாகத் திருகியிருக்க, எதிர்ப்பக்கம் திருகியவை மிகச் சிலவே கிடைக்கின்றன. பயின்ற கையின் பழக்கமே பெரும்பான்மைக்குக் காரணம் என்று நாம் கருதுகின்றோம். எதிர்ப்பக்கம் சுழற்றியவர் இடக்கையர் போலும்.

வடுக்களைப் பற்றி மற்றொன்றும் அறிதல் வேண்டும். சில கோலிகளில் செய்தவரே ஒரு வடுவின் கூர்மையைச் சக்கரத்திற் தேய்த்து மழுப்பியிருப்பர். அவ்விடம் சிறு தட்டையான முகமாகத் தோன்றும். எஞ்சிய மேற்பரப்பு உலைத்தீயின் இயல்பான மினுக்கத்தோடு இருக்கும். அதுவும் பழைய கையின் அடையாளமே. மேற்பரப்பு முழுவதையும் பிற்காலத்தார் தேய்த்த தேய்ப்போடு இதனை ஒன்றாக எண்ணுதல் பிழை. இரண்டையும் பிரித்தறியாத விற்பனையாளர் நல்ல கோலியைப் பழுதென்றும், பழுதைப் புதுப்பொலிவென்றும் கூறக் காண்கின்றோம்.

இனி, பெயர்களைப் பற்றி. கோலி தொகுப்போரிடையே வழங்கும் பெயர்கள் பல. அவற்றுட் சில பார்வைக்குப் பொருந்துவன. 'வெங்காயத்தோல்' என்பது உள்ளே மெல்லிய வண்ணப்படலம் சுற்றிய கோலி. பெயரைக் கேட்டவுடன் உரு மனத்தில் தோன்றும். ஆனால் வேறு சில பெயர்கள் வரலாற்றுச் செய்தி போலத் தோன்றி நம்மை ஏமாற்றுகின்றன. செப்புப் பொடியின் பொன்மினுக்கம் கொண்ட வரிகளையுடைய கோலிக்கு 'லுட்ஸ்' என்று பெயர். நிக்கோலாஸ் லுட்ஸ் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாண்ட்விச் என்னும் ஊரின் கண்ணாடித் தொழிற்சாலையில் பணியாற்றிய சிறந்த கலைஞர். அப்பொன்மினுக்கக் கண்ணாடியை அவர் தம் வேலைப்பாடுகளிற் கையாண்டார். அதனால் கோலியையும் அவரே செய்தார் என்று எண்ணிப் பெயரிட்டுவிட்டனர். அக்கோலிகள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. பழுப்பும் நீலமும் ஆகிய மெருகு பூசிய சுடுமண் கோலிகளுக்குப் 'பென்னிங்டன்' என்று பெயர். வெர்மான்ட் மாநிலத்துப் பென்னிங்டன் ஊரின் மட்கலங்களின் மெருகை அவை ஒத்திருந்தமையே அப்பெயருக்குக் காரணம். அவையும் ஜெர்மன் நாட்டினவே. கருநிற உடலின்மேல் வண்ணவரி ஓடும் ஒருவகைக்கு 'இந்தியன்' என்று பெயர். அதற்கும் நம் நாட்டுக் கண்ணாடிக்கும் தொடர்பு கற்பித்தல் வீண்.

'சல்பைடு' என்னும் பெயர் இன்னும் விந்தையானது. தெளிந்த கண்ணாடிக் குண்டின் நடுவே வெள்ளிபோல் ஒளிரும் சிறு பாவையொன்று நிற்கும்; ஆடு, நாய், சிங்கம், பறவை, மனித உரு எனப் பலவகை. பாவையின் வெள்ளி நிறத்தைக் கண்டு கந்தகச் சேர்மம் ஏதோ உள்ளதென்று கருதிச் சல்பைடு என்றனர் போலும். உண்மையில் அப்பாவை வெண்களிமண் கலவையால் வார்த்தது. வெள்ளி நிறமோ பாவைக்கும் கண்ணாடிக்கும் இடையே சிக்கிய மெல்லிய காற்றுப்படலத்தின் வேலை. பாவையை முன்னதாகச் சூடாக்காமல் உருகிய கண்ணாடியிற் பொதிந்தால் கண்ணாடி பிளந்துவிடும். சூடாக்கினாலும் அது நடுவில் நில்லாது ஒருபுறம் ஒதுங்கிவிடுதல் உண்டு. நேராக நடுவில் நிற்கும் பாவை அரிதாதலின் மதிப்புடையது.

பெயரை நம்பி நாடும் காலமும் துணிதல் எத்துணைத் தீங்கு பயக்கும் என்பது இவற்றால் விளங்கும். ஒரு பெயர் வழக்கில் ஊன்றிவிட்டால் அதனைப் பிடுங்குதல் எளிதன்று, பிடுங்கவும் வேண்டுவதில்லை. லுட்ஸ் என்றே வழங்குக; ஆயின் லுட்ஸ் செய்தது என்று எழுதற்க. பெயர் வேறு, சான்று வேறு என்னும் தெளிவு இருந்தாற் போதும். நூலின் தலைப்பிற் காணும் ஆசிரியர் பெயரையும் நூலினுள் காணும் அகச்சான்றையும் நாம் வேறுபிரித்து நோக்குவதில்லையா? அதுபோன்றதே இது.

எந்திரக் கோலியின் வரலாறு அமெரிக்காவிற்குரியது. ஆக்கிரன் நகரில் மார்ட்டின் பிரெடரிக் கிறிஸ்டென்சன் என்பவர் உருளைத்தாங்கிகளுக்கு வேண்டிய எஃகுக் குண்டுகளைச் செய்யும் பொறி அமைத்தவர். அவ்வறிவைக் கண்ணாடிக்குத் திருப்பி, கோலி செய்யும் பொறிக்கு 1905-ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். தொழிலாளி ஒருவர் உருகிய கண்ணாடியைக் கோலில் எடுத்துப் பொறியின்மேல் வழியவிடுவார். வேண்டிய அளவு வழிந்தவுடன் அது வெட்டப்படும். வீழ்ந்த துண்டு சுழலும் பள்ளங்களில் உருண்டு குண்டாகும். ஆகவே இது முழுதும் எந்திரமன்று; கண்ணாடியை எடுத்து வழியவிடுதல் கையின் வேலை. அக்கையின் திறமும் கோலியிற் பதிந்துள்ளது. கோலைச் சுழற்றியபடி கண்ணாடியை வழியவிட்டமையால் கோலியின் ஒரு துருவத்தில் 9 என்னும் எண்ணின் வடிவிற் சுழியொன்று அமையும். வெட்டிய மறு துருவத்தில் வால்போன்றதொரு கோடு நிற்கும். இவ்விரண்டையும் ஒருங்கே கண்டால், கைக்கும் எந்திரத்திற்கும் இடைப்பட்ட காலத்துக் கோலி என்று துணியலாம். வரலாற்றில் இடைநிலைக் காலமே சான்று செறிந்த காலம் என்பது இங்கும் மெய்யாகின்றது.

1914-ஆம் ஆண்டில் போர் மூண்டு ஜெர்மானியக் கோலிகளின் வரவு தடைப்பட்டது. சந்தை அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குத் திறந்தது. ஆக்கிரனில் தோன்றிய ஆக்ரோ அகேட்டு நிறுவனம் அதே ஆண்டில் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் நகருக்குப் பெயர்ந்தது. கண்ணாடிக்கு வேண்டிய மணலும் உலைக்கு வேண்டிய இயற்கை எரிவாயுவும் அங்கே மலிந்திருந்தன. அந்நிறுவனம் 1951-ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. அது செய்த கோலிகளுள் தக்கைத்திருகி போல வரியொன்று ஒரு துருவத்திலிருந்து மறு துருவம் வரை சுற்றிச் செல்லும் வகை தனிச்சிறப்புடையது. வழியும் கண்ணாடித் தாரையை வெட்டுமுன்னே சுழலும் கிண்ணமொன்றாற் திருகியமையால் அவ்வடிவம் அமைந்தது. 1920-களின் பிற்பகுதியில், உருளைகளை ஒன்றற்கொன்று சிறிது விலக்கி வைக்கும் திருத்தம் வந்தபின் கோலி ஒரே அச்சிற் சுழலாது பலவாறு புரண்டது. அதனால் துருவங்களில் விழுந்த சிறு மடிப்பும் மறைந்தது. தொழிலுக்கு இது முன்னேற்றம். தொகுப்போர்க்கோ ஒரு சான்று குறைந்தது. அதனால் பிற்கால எந்திரக் கோலிகளின் பிறப்பிடத்தை அறிதற்கு நிறச்சேர்க்கையையும் வரியின் போக்கையுமே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

இவ்விடத்தில் பெயர் மீண்டும் ஒருமுறை நம்மை மயக்குகின்றது. 1925-ஆம் ஆண்டில் ஒகையோவிற் தோன்றிய 'கிறிஸ்டென்சன் அகேட்டு' நிறுவனம், முன் கூறிய கிறிஸ்டென்சன் அமைத்ததன்று. அவர் 1915-ஆம் ஆண்டிலேயே மறைந்தார். புகழ்பெற்ற பெயரைச் சூட்டிக்கொண்டனர் என்பதே பொருத்தம். அந்நிறுவனம் 1930-களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டது. வாழ்ந்த காலம் சிறிதாயினும் அதன் கண்ணாடியின் நிறங்கள் கண்ணைப் பறிக்கும் ஒளியுடையன. இன்று தொகுப்போர் மிக விரும்புவனவற்றுள் அவையும் அடங்கும். இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகரின் பெல்டியர் நிறுவனம் செய்தித்தாட் சித்திரக்கதை மாந்தரின் உருவம் பதித்த கோலிகளைச் செய்தது; அவ்வுருவங்கள் பன்னிரண்டு. படம் ஒட்டிய போலிகள் இவ்வகையிலேயே மலிந்துள்ளன. 1950-களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த 'பூனைக்கண்' கோலிகள் விலை மலிவால் அமெரிக்கத் தொழிலைத் தளர்த்தின. தெளிந்த கண்ணாடியினுள் இதழ்போல் வண்ணம் நிற்கும் அவ்வகையே இன்றும் பல நாட்டுச் சிறுவர் கையில் உள்ளது.

எந்தத் தொழிற்சாலை எந்தக் கோலியைச் செய்தது என்பதை அறிதற்கு உதவியவற்றுள் தலையாயது குப்பை என்றால் வியப்பாகும். மூடப்பட்ட தொழிற்சாலைகள் இருந்த நிலத்தில், உடைந்த கோலிகளும், உருத்திரியாத கண்ணாடித் துண்டுகளும், ஒட்டிப்போன குண்டுகளும் புதைந்து கிடந்தன. விற்பனைக்கு வாராத பழுதுகள் அங்கேயே கிடந்தமையால் அவை அத்தொழிற்சாலையினவே என்பதில் ஐயமில்லை. அவற்றின் நிறத்தையும் வரியையும் ஒப்புநோக்கிப் பல கோலிகளின் பிறப்பிடம் துணியப்பட்டது. ஆனால் தோண்டியவர் பலர் தொகுப்போரே. முழுக் கோலியே அவர் நாடியது. எவ்வாழத்தில், எதனோடு சேர்ந்து ஒன்று கிடைத்தது என்னும் குறிப்பில்லையேல், தொழிற்சாலையின் பெயர் கிடைக்கும். முற்பட்டது எது, பிற்பட்டது எது என்னும் வரிசை கிடையாது. ஒருமுறை கிளறிய மண்ணை மீண்டும் அடுக்க எவராலும் இயலாது. அகழ்வாய்வாளரும் கோலிகளைப் புறக்கணித்தாரல்லர். குடியேற்றக் காலத்துக் கோலிகளை அகழ்வாய்வாளர்க்கும் தொகுப்போர்க்கும் ஒருங்கே விளக்கும் நூலொன்றைக் கார்ட்லியும் கார்ஸ்காடனும் எழுதி 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரு சாராரும் ஒரு நூலைப் பயன்கொள்வது நல்ல அறிகுறியே.

இனி இக்கட்டுரையின் மையமான வழக்கிற்கு வருகின்றோம். ஆடிய கோலியில் அடிபட்ட தழும்பு இருத்தல் இயற்கை. ஒரு கோலி மற்றொன்றை அடிக்கும்போது மேற்பரப்பின் கீழே பிறைவடிவான விரிசல் விழும். தொகுப்போர் அதனை 'நிலா' என்றே வழங்குவர். இத்தழும்புகள் மிகுந்தால் உள்ளிருக்கும் அழகு தோன்றாது. அதனால் மேற்பரப்பைப் பொறியிலிட்டுத் தேய்த்து மெருகேற்றும் வழக்கம் தோன்றியது. தேய்த்தபின் கோலி நீர்த்துளி போல் ஒளிர்கின்றது. விற்பவரும் மகிழ்கின்றார்; வாங்குபவரும் மகிழ்கின்றார். இழந்தது யாது என்பதை இருவரும் எண்ணுவதில்லை.

இழப்பு மூவகைத்து. முதலில் வடுக்கள் மறைகின்றன. கைவினை என்பதற்கு இருந்த நேர்ச்சான்று ஒழிகின்றது. அடுத்து அளவு சுருங்குகின்றது. இக்கோலிகளை ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு கூறு வரை அளந்து குறிப்பது வழக்கம். கத்தரியின் கிண்ணம் தந்த அளவைத் தேய்த்த கோலியிற் காணவியலாது. மூன்றாவது இழப்பே கொடியது. வெளியிழைகள் மேற்பரப்பிற்கு மிக அணித்தாகவே ஓடுகின்றன. தேய்ப்பு ஆழ்ந்தால் அவை மெலியும். சில முற்றும் அழியும். லுட்ஸ் கோலியிற் பொன்வரி வெளிப்பட்டு உதிரத் தொடங்கும். இருவகை இழையும் உடைய கோலி, உள்ளிழை மட்டும் உடையதாகி, வேறு வகையின் பெயரைப் பெறும். அதனைக் கண்டு பிறர் எழுதும் குறிப்பும் பிழைபடும். ஏட்டிற் செல்லரித்த எழுத்தை ஊகித்து அடிக்குறிப்பில் தருவது பதிப்பாசிரியர் கடமை. செல்லரித்த ஏட்டைச் சீவி வழவழப்பாக்கித் தருவதைப் பதிப்பு என்று எவரும் கூறார்.

தேய்ப்போர் கூறும் காரணம் ஒன்று உண்டு. அதனைப் புறக்கணித்தல் முறையன்று. 'உள்ளே உள்ள பாவை தெரியாவிட்டால் அக்கோலியாற் பயன் என்ன?' என்பது அவர் வினா. சல்பைடுக் கோலிகளைப் பொறுத்தவரை இவ்வினாவிற்கு வலிமை உண்டு. இத்துறையினரும் அவற்றின் தேய்ப்பைச் சிறிது பொறுத்துக்கொள்கின்றனர். நாம் அதற்கும் உடன்படோம். கீறல்பட்ட கோலியைத் தெளிந்த நீர் நிரம்பிய கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டுப் பார்த்தால், கீறல்கள் பெரிதும் மறைந்து பாவை தெளிவாகத் தோன்றும். காற்றுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒளி முறிவதினும் நீருக்கும் கண்ணாடிக்கும் இடையே குறைவாக முறிவதே இதற்குக் காரணம். நிறமற்ற கனிம எண்ணெயில் இட்டால் இன்னும் தெளியும். படம் எடுக்கவும் இதுவே போதும். பார்க்கும் பொருட்டுத் தேய்க்க வேண்டுவதில்லை. விற்கும் பொருட்டே தேய்க்கின்றனர்.

தேய்த்த கோலியையும் தேய்க்காத கோலியையும் வேறுபடுத்தத் துருவங்களையே முதலிற் பார்க்க வேண்டும். வடு இருக்க வேண்டிய இடத்தில் இழைகள் வெட்டுண்டு வழவழப்பாக முடியுமாயின் அது தேய்த்தது. உருப்பெருக்கியில் நோக்கினால் தீயில் ஆறிய பரப்பு தோல்போல் இயல்பாகவும், தேய்த்த பரப்பு மிக நுண்ணிய கீற்றுகளோடும் தோன்றும். புற ஊதா ஒளியிற் பச்சையாக ஒளிரும் கோலிகள் யுரேனியம் கலந்த கண்ணாடியாற் செய்தவை. அவ்வொளியைக் கண்டவுடன் பழமை என்று துணிவார் உளர். இக்காலத்துக் கலைஞரும் அக்கண்ணாடியைப் பயன்படுத்துகின்றனராதலின் அச்சான்று தனித்து நில்லாது. இக்காலக் கலைஞருட் சிறந்தோர் தம் கோலியின் அடியிற் பெயர் பொறிக்கின்றனர். அப்பெயரைத் தேய்த்துவிட்டுப் பழங்கோலி என விற்பதும் நிகழக்கூடியதே. தேய்ப்பு எவ்வாறேனும் ஐயத்திற்கு இடந்தருகின்றது.

இத்துறைக்கு முறையான அமைப்பு தோன்றியது அண்மையில்தான். அமெரிக்கக் கோலி தொகுப்போர் கழகம் 1975-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. ஊறுபடாதது, ஏறத்தாழ ஊறுபடாதது, நல்லது, தொகுக்கத்தக்கது என்னும் தரவரிசை இவர்களிடையே பரவியுள்ளது. தரவரிசை விலைக்கு உதவும். ஆராய்ச்சிக்கு அது போதாது. எந்த வீட்டிலிருந்து, எந்தப் பெட்டியில், எவற்றோடு சேர்ந்து ஒரு கோலி வந்தது என்னும் குறிப்பு அதன் தரத்தினும் பெருமதிப்புடையது. அமெரிக்காவில் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளிற் பிறந்த நாட்டின் பெயரைக் குறிக்க வேண்டுமென்றது. கோலியில் எழுதவியலாமையால் அப்பெயர் பெட்டியிலும் பையிலும் இடம்பெற்றது. பெட்டியை எறிந்துவிட்டுக் கோலியை மட்டும் வைத்துக்கொண்டவர் எழுத்துச் சான்றையே எறிந்தவராவர். பழைய பெட்டியில் வேறு கோலிகளை நிரப்பி விற்போரும் உளராதலின், பெட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புதல் தகாது.

இதே நிலையை நம் நாட்டில் நாம் நன்கறிந்த ஒரு கோலியிற் காணலாம். இங்கிலாந்துப் பொறியாளர் ஹைரம் காட் என்பவர், புட்டியின் கழுத்தினுள்ளே கண்ணாடிக் குண்டொன்றை அடைத்து, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தாலே அது மேலெழுந்து ரப்பர் வளையத்தோடு பொருந்தி வாயை மூடுமாறு அமைத்தார். அவ்வமைப்பு 1872-ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றது. மேலைநாடுகளிற் பெரிதும் வழக்கொழிந்த அப்புட்டி நம்மிடையே கோலிசோடா என்னும் பெயரால் இன்றும் வழங்குகின்றது. அதனுள் இருக்கும் குண்டு ஒரே நிறத்தது. வரி இல்லை, பாவை இல்லை, காலங்காட்டும் வடு இல்லை. தொகுப்போர் அதனைத் தனியே மதிப்பதில்லை. பழம்புட்டி தொகுப்போரோ புட்டியை விரும்பித் தேடுகின்றனர். புட்டியின் உடலில் சோடா அடைத்த கடையின் பெயரோ ஊரோ எழுந்த எழுத்துகளாக வார்க்கப்பட்டிருத்தல் உண்டு. குண்டின் பிறப்பையும் வாழ்வையும் கூறுவது அவ்வெழுத்து ஒன்றே. அக்குண்டை விளையாட்டிற்கென எடுப்பதற்குப் புட்டியை உடைத்தாக வேண்டும். நம் ஊர்ச் சிறுவர் அவ்வாறே பல்லாண்டு உடைத்தனர். எஞ்சிய குண்டுகள் பல வீடுகளிற் பழைய தகரப்பெட்டிகளிற் கிடக்கின்றன. அவை எந்தக் கடையின் புட்டியிலிருந்து வந்தவை என்பதனை எடுத்தவர் நினைவிலிருந்தே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும்.